காக்கை தொடவே இல்லை

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அணுவைப் பற்றி யோசிக்கச் சித்தப்பாவுக்கு மட்டுந்தான் நேரம் இருந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கையில் எப்போதும் லைப்ரரி புத்தகம். பொரியலுக்கு வாங்கிய காலிஃப்ளவரை ஒடித்து ஒடித்து, ஒவ்வொரு துண்டும் முழுப்பூ மாதிரியே இருக்கிறது பார் என்று காட்டுவார். பெரியம்மா பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். இங்கே நடக்காதது வேறொரு பிரபஞ்சத்தில் நடந்துகொண்டிருக்கும் என்பார். எட்டு வயதான நான்தான் அவருடைய ஒரே ரசிகை.

அவர் சொன்னதில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால், எந்தப் பொருளும் இன்னொன்றை உண்மையில் தொடுவதே இல்லையாம். "நீ நாற்காலில உட்காரலை. துளியூண்டு மேல மிதந்துண்டிருக்கே" என்றார். அன்று முழுக்கப் பயந்து பயந்து உட்கார்ந்தேன்.

சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. விளையாட ஒரு பாப்பா வரப்போகிறது என்று அம்மா என் காதில் சொன்னாள். பெரியம்மா சித்தியைக் குடம் தூக்க விடவில்லை. சித்தப்பா வேறு பிரபஞ்சங்களைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். இது ஒன்றே போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி பின்கட்டு அறையில் தனிப்பாயில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காக்கா தொட்டுடுத்து. மூணு நாள் கிட்ட போகாதே" என்றாள் அம்மா. மாதவிலக்கில் ஒதுங்கி உட்காரும் பெண்களைப் பற்றிக் குழந்தைகளிடம் சொல்லும் கதை அது. நான் அப்படியே நம்பினேன்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காக்கை எப்படித் தொட்டிருக்க முடியும்? விஞ்ஞானமே தெரியாத வீடு! நேராகப் போய்ச் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

பெரியம்மா போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். "அடிப்பாவி, தொட்டுட்டியேடி!" சந்தியாவந்தனத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பெரியப்பா ஓடிவந்தார். நான் பிடியை விடவில்லை. "நான் தொடலை. யாரும் யாரையும் தொடவே முடியாது. காக்காவும் சித்தியைத் தொடலை. சித்தப்பாவே சொல்லியிருக்கார்."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அறை வாசலில் நின்றிருந்தவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் அதே பாயில் உட்கார்ந்து, அத்தனை பேர் எதிரில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் பகலில் நின்று பேசிக்கூட நான் பார்த்ததில்லை.

"குழந்தை சரியாத்தான் சொல்றா மன்னி" என்றார் பெரியம்மாவிடம். குரல் உடைந்திருந்தது. சித்தி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பெரியவர்கள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

கிணற்றடியில் அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். "சித்தி ஏம்மா அழறா?" என்றேன். "கண்ணை மூடிக்கோ, சீயக்காய் பட்டுடும்" என்றாள். அவ்வளவு பெரிய உண்மை தெரியவந்தால் யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துச் சித்தி தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தாள். நான் ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாக, பாப்பா எப்போது வரும் என்று கேட்டேன்.