எது ரெக்கார்டு, எது போன்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாரும் நடக்கக் கூடாது. டத்தோ கிராமாட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் மாடித்தளம் முழுக்கப் பலகை. யாராவது குறுக்கே போனால் அப்பாவின் ரெக்கார்டு பிளேயரில் ஊசி துள்ளும். பாடகர் பாதி வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். உடனே அப்பா கையைத் தூக்குவார். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஈரத்துணி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மா ஒரு முழுப் பாட்டுக்கும் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டில் காதலன் பிரிவைத் தாங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் தவிப்பை யாரும் பாட்டாக எழுதவில்லை.

எனக்கு அப்போது பள்ளியில் ஆறாம் ஆண்டு. ஹாலில் வெளிச்சம் விழும் சன்னலோரத்தை ரெக்கார்டு அலமாரி பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. என் அறிவியல் பயிற்சிகளில் மீன்குழம்பு வாடை அடிப்பதாக ஆசிரியர் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். எனக்கென்று ஒரு மேசை வேண்டும் என்று கேட்டால், அப்பா ஹாலைச் சுற்றும் முற்றும் பார்த்து, "எடம் எங்கம்மா இருக்கு?" என்பார். அந்தப் பார்வை அலமாரிமேல் மட்டும் விழாது.

என் ஒரே நம்பிக்கை அத்தைதான். அப்பாவின் தங்கை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஞாயிறுதோறும் தன் காடியை ஓட்டிக்கொண்டு வருவார். அண்ணன் தங்கை இருவருக்குமே வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். அப்பா மீசை அரும்பாத வயதிலிருந்து தகடு அழுத்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றவர். அத்தை குளிர்சாதன அறையில் மின்னணுச் சாமான்களைச் சோதித்துப் பார்ப்பவர். பாட்டெல்லாம் போனில் இருக்கும்போது எதற்கு இந்த அலமாரி என்பது அத்தையின் கட்சி.

"ரெக்கார்டுல உயிர் இருக்கு. உன் போன்ல வர்றது வெளக்கிக் கவுத்து வெச்ச பாத்திரம் மாதிரி" என்பார் அப்பா.

"உயிரா? அப்பளம் பொரிக்கிற சத்தம்ல வருது. அந்தக் கரகர உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

"என்ன கரகர? என் ரெக்கார்டு எல்லாம் சுத்தமா இருக்கு."

இதே பேச்சு வாராவாரம் நடக்கும். தெருமுனையிலிருந்தே கேட்கும் கரகரப்பை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இல்லையென்று சாதிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். போதாததற்கு ஒலியை வேறு கூட்டிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஞாயிறு காலைகளில் கோயிலுக்குப் போகத் தொடங்கியது பக்தியால் என்று நான் நம்பவில்லை.

கடைசியில் அத்தை ஒரு பந்தயம் கட்டினார். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். ஒருமுறை ரெக்கார்டிலிருந்து, ஒருமுறை போனிலிருந்து. அப்பா திரும்பி உட்கார்ந்துகொண்டு எது ரெக்கார்டு என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அலமாரி கீழே சாமான் அறைக்குப் போகும், சன்னலோரம் எனக்கு. சரியாகச் சொன்னால் அத்தை இனி வாயே திறக்கக் கூடாது.

"இதுல என்னா லா பந்தயம், தூங்கிட்டே சொல்வேன்" என்று அப்பா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் மனத்துக்குள் மேசையைச் சன்னலோரத்தில் போட்டு, அதன்மேல் விளக்கும் வைத்துவிட்டேன்.

அத்தை முதலில் போனைப் போட்டார். பாட்டு பளிச்சென்று வந்தது. அடுத்து ஊசியை ரெக்கார்டின்மேல் இறக்கினார். பாட்டு தொடங்கும் முன்பே எண்ணெயில் அப்பளம் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு யார்தான் தப்பாகச் சொல்வார்கள்?

அப்பா சிரித்துக்கொண்டே, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"மொதல்ல வந்ததுதான் ரெக்கார்டு. ரெண்டாவது போன். உயிரே இல்ல பாரு."

என் மேசை எனக்குக் கிடைத்துவிட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையின் கை பிளேயர்மேல் அப்படியே நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"சரிதாண்ணே" என்றார் அத்தை. "மொதல்ல வந்ததுதான். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"இல்லப்பா, அத்தை பொய்..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மாவின் ஈரக்கை என் தோளில் விழுந்தது. அடுத்த நொடி நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் அப்பா வெற்றிப் பாட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை ஏமாத்துறாங்கம்மா. அப்பா தப்பா சொன்னாரு."

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

அம்மா வெங்காயத்தை என் முன்னால் தள்ளி, உரிக்கச் சொன்னார். இவ்வளவு அநியாயம் நடந்த வீட்டில் மத்தியானம் எல்லோரும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அத்தை எனக்கு மீன் துண்டை எடுத்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவும் இல்லை, கரகரப்பைப் பற்றி.

சில நாள் கழித்து, வேலைநாள் ஒன்றில், அத்தை லீவு போட்டுவிட்டு வந்தார். அப்பாவும் லீவு. பாசாருக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறோம் என்று சொல்லி இருவரும் காடியில் கிளம்பினார்கள். அன்று காது மருத்துவரைப் பார்க்கப் போனார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் கணக்குப் போட்டது வேறு: ஜெயித்த தெம்பில் அப்பா இன்னும் கொஞ்சம் ரெக்கார்டு வாங்கப் போகிறார், தோற்றுவிட்டதால் அத்தை காடி ஓட்டிப் போகிறார்.

பள்ளி விட்டு வந்து வாசலிலேயே காத்திருந்தேன். காடி வந்து நின்றது. அப்பா இறங்கி, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். அத்தை இறங்கவில்லை, ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பின்சீட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு பையும் இல்லை.

"ஒன்னும் வாங்கலையா அத்தை?"

"ஒன்னும் கெடைக்கலம்மா" என்றார்.

அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே நல்ல செய்தி அதுதான். அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.