எங்க ரெகே சிடிக்குக் குலவை போட்ட அக்காமார்

காலேஜ் முடிச்சதும் கெத்தா நானே பாடி ஒரு தமிழ் ரெகே சிடி போட்டேன். ரெகேன்னா தாளத்துக்கு நடுவுல நடுவுல எடம் விட்டு வாசிக்கிற ஜமைக்கா நாட்டுப் பாட்டு. விருதுநகர்ல ஒரு கடைக்காரரும் வாங்கல. இது விக்கலன்னா பட்டாசுக் கம்பெனில ஆபீஸ் வேலைக்குப் போன்னுட்டாரு அப்பா. கடைசியா ஆமத்தூர்ல கம்பெனி பஸ் டிரைவர் அண்ணன்கிட்ட கெஞ்சிப் போட வச்சு, நானும் ஏறிக்கிட்டேன்.

வேலைக்குப் போற அக்காமார் விழுந்து விழுந்து சிரிச்சாக. "ஏலே, நடுவுல நடுவுல தூங்கிட்டியா? அம்புட்டு எடம் விட்டிருக்க!"

எனக்கு மூஞ்சி தொங்கிருச்சு. அப்ப பின்சீட்டு அக்கா ஒருத்தவுக அந்த எடத்துல சும்மா கேலிக்கு ஒரு குலவை போட்டாக. அடுத்த எடத்துல பஸ்ஸே சேந்து போட்டுச்சு. புல்லரிச்சுருச்சுங்க!

"அக்கா, ரெக்கார்டிங்குக்கு வாரீகளா?"

"ஞாயித்துக்கெளம வாரோம்லே. பிரியாணி வாங்கித் தரணும்!"

குலவையோட போட்ட சிடிதான் வித்துச்சு. இப்பல்லாம் எந்தப் பாட்டு போட்டாலும், அடுத்தவுக உள்ள வர எடம் இருக்கான்னுதான் மொதல்ல பாக்குறேன்.