நுரைக்கு அந்தப் பக்கம்

இந்தப் புயலுக்கு யாரோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். டிவியில் எத்தனை முறை கேட்டும் என் வாயில் நுழையவில்லை. பெயர் நுழையாவிட்டால் என்ன, பயம் நுழைந்துவிட்டது. நேற்றுக் காலையிலிருந்து நான் சும்மா உட்காரவில்லை. குடிதண்ணீர் பிடித்து வைத்தேன். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்திரிக்கோலைத் தேடினால், அது அந்தக் கவருக்குள்ளேயே இருந்தது. இத்தனைக்கும் நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. இந்த வீட்டுக்குள் தண்ணீர் வருவதென்றால் அதற்குள் வேலூர்க் கோட்டையே மூழ்கியிருக்கும் என்று என் கணவர் பேப்பரை இறக்காமலே சொன்னார். நோவாவையும் ஊர் இப்படித்தான் கிண்டல் செய்தது என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எல்லாம் இழுத்தபோது ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு ஜோடி பெண்கள் ஷூ. முதன்முதலாக நான் வேலை பார்த்த கம்பெனியில் ரிஜெக்ட் ஆனதை ஊழியர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள், அதில் ஆசைப்பட்டு வாங்கியது. ஏதோ வெளிநாட்டுக்காரியின் காலுக்குத் தைத்தது. என் இரண்டு காலும் ஒன்றுக்குள்ளேயே போகும். ஒரு நாளும் போட்டதில்லை, தூக்கிப் போடவும் மனம் வந்ததில்லை. பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனையும் சொல்யூஷன் வாசனையும் கலந்து வந்தன. ஷூ ஒட்டுகிற பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர்ப் பக்கம் போகும்போது பஸ்ஸில் தூங்குகிற வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துகொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. மழை வருவதற்கு முன்னால் மட்டும் தெரியும். காற்று நின்று, வானம் கனத்து, தோல் ஷாப்புகளின் நாற்றம் தரையோடு தரையாக இறங்கிவிடும். டேனரியைத்தான் அங்கே தோல் ஷாப்பு என்பார்கள். நாத்தம் எறங்கிடுச்சி, துணிய எடு என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். வானிலை அறிக்கை அதற்கு அப்புறம்தான் வரும்.

நான் டிகிரி முடித்த கையோடு அங்கே ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வாத்தியார் வீட்டுப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஸ்கேல். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே ஷூ தைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, தையல் கோணலாக இருக்கிறது என்று சொல்வது என் உத்தியோகம். அவர்களும் சரி மேடம் என்று சிரிக்காமல் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் சிரிப்பார்கள். அதில் பெரிய சிரிப்பு முதல் மிஷினில் உட்கார்ந்திருந்த அமலாவுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மாதா கோவிலில் பாடுகிற குரல். மிஷின் ஓடும்போதும் உள்ளுக்குள் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். புருஷன் பெங்களூரில் லாரி ஓட்டினான். வீட்டில் மூன்றாவது படிக்கிற ஒரே பெண், ஜெனி. வீடு பாலாற்றுக்கு அக்கரையில், கரையை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது.

பாலாறு என்றதும் தண்ணீரை நினைத்துவிடாதீர்கள். வருஷம் முழுக்க மணல். நடுவில் சீமைக்கருவேலம், பன்றிகள், பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். பஸ்ஸில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் போய்விடும் என்று அக்கரைப் பெண்கள் மணலில் குறுக்கே நடந்தே வந்து போவார்கள். நடந்து நடந்து அங்கே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது.

அந்த ஆற்றில் தண்ணீர் வராது, நுரை வரும். மழை வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், எந்த ஷாப்பு என்று யாருக்கும் தெரியாது, தேக்கி வைத்திருக்கும் கழிவைச் சத்தமில்லாமல் ஆற்றில் திறந்து விடுவார்கள். மழையோடு மழையாகப் போய்விடும் என்று கணக்கு. பள்ளத்தில் முழங்கால் அளவு நுரை நிற்கும். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு அதில் நடந்து போவார்கள். வீட்டுக்குப் போய்க் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரியாகிவிடும். ஆற்றில் வெள்ளையாக எது வந்தாலும் ஷாப்புக்காரன் வேலை என்றே எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

நான் அங்கே இருந்தபோது ஒரு வருஷம் இப்படித்தான் ஒரு புயல் சொன்னார்கள். இரண்டு நாள் விடாமல் கொட்டியது. கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். கம்பெனிகளுக்கு லீவு இல்லை, ஏனென்றால் ஷிப்மெண்ட்டுக்கு லீவு இல்லை. ஆக, பிள்ளைகள் வீட்டில், அம்மாக்கள் வேலையில். அன்று காலை தையல் நடக்கவில்லை. கீழே இருந்த தோலையெல்லாம் மாடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டார்கள். தயாரான தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கறை விழுந்துவிடும், மொத்தமும் ரிஜெக்ட். படிக்கட்டில் வரிசையாக நின்று, தூங்குகிற குழந்தையைக் கை மாற்றுவதுபோல் ஒவ்வொரு சுருளாகக் கை மாற்றினோம். மிஷின்களுக்குப் பாலிதீன் போர்த்தினோம். வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம். மணலை ஆற்றிலிருந்துதான் அள்ளி வந்தார்கள்.

அமலா அன்று பாடவில்லை. அதை நான் மதியம்தான் கவனித்தேன். என்ன என்று கேட்டபோது, ஜெனியைத் தனியாக விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். அக்கரையில் கரண்டும் டவரும் முதல் மழையிலேயே போய்விட்டன, போன் பண்ண வழியில்லை. பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா இருக்கிறாரே என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"யார் கூப்ட்டாலும் கதவத் தெறக்காதன்னு சொல்லிட்டு வந்துட்டேன் மேடம். அது சொன்னா கேக்கற பொண்ணு."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை இல்லை, பயம்.

மதியத்துக்கு மேல் மழை நின்றது. அப்படி ஒரு நிற்றலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குழாயை மூடினதுபோல் நின்று, மஞ்சளாக வெயில்கூட அடித்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் குடியாத்தம் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் இன்னும் திரும்பவில்லை. அக்கரைக்காரர்கள் கேண்டீனில் டீ குடித்தபடி காத்திருந்தார்கள். அமலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிபன் பையை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தாள். நானும் கூடவே போனேன். வாட்ச்மேன் எங்களுக்குப் பின்னால் வந்தார்.

கரையில் போய் நின்றபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. எப்போதும் மணலில் மேய்கிற கொக்குகள் எல்லாம் கம்பெனிக் கூரையில் வரிசையாக நின்றன. ஒன்றும் பறக்கவில்லை, கத்தவில்லை. எல்லாமே மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆற்றில் ஒரு நாய், ஒரு பன்றி இல்லை. நான் மணலில் இறங்கி ஒரு அடி வைத்தேன். காலை எடுத்ததும் அந்தக் குழி தண்ணீரால் நிரம்பியது. மேலே தண்ணீர் எங்குமே இல்லை, ஆனால் மணலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல் அது ஏறி ஏறி இறங்கியது. சூப்பர்வைசர் பயந்தாள் என்று பேர் வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் அமலா மணலில் இறங்கிப் பாதி ஆறு போயிருப்பாள். அப்போது மேற்கு வளைவில் நுரை வந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்று சத்தமில்லாமல் வருவது என்ன மாதிரி இருக்கும் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெள்ளையாக நிமிர்ந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு, அவசரமில்லாமல் நகர்ந்து வந்தது. கருவேலம் புதர்கள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின. போனவை வெளியே தெரியவில்லை.

"எவனோ டாங்கியத் தொறந்து வுட்டுட்டான்" என்றார் வாட்ச்மேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். அமலாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. நின்று நீலப் புடவையைத் தூக்கிச் செருகினாள். திரும்பி எங்களைப் பார்த்து, மூக்கைப் பொத்திக் காட்டினாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு தூரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. பிறகு டிபன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நுரை இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கொஞ்ச நேரம் கையும் பையும் மட்டும் வெள்ளையின் மேல் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் அதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் பாதத்துக்கு வந்தது. பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிலத்துக்கு அடியில் ஓடுவதுபோல் இருந்தது. வாட்ச்மேன் என் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தார். நுரைக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஆறு வந்தது. எங்கள் வானத்தில் பெய்த மழை இல்லை அது. ஆந்திரா மலையில் எப்போதோ பெய்து, அணையெல்லாம் நிரம்பி வழிந்து, இங்கே வெயில் அடிக்கிற நேரம் பார்த்து வந்து சேர்ந்த தண்ணீர். எங்கள் ஊர்க்காரர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், மேற்கே யாரும் பார்க்கவில்லை.

நான் அமலா அமலா என்று கத்தினேன். வாட்ச்மேன் கண்ணுக்கு மேல் கையை வைத்து அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கரையில் நுரை கரையேறிப் புதர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏதோ அசைந்தது.

"அதோ ஏறிட்டா. நீலப் புடவ தெரியுது பாரு."

நானும் பார்த்தேன். நீலமாக ஒன்று மேட்டில் ஏறி, வீடுகளுக்குப் பின்னால் போனது. சத்தியமாகப் பார்த்தேன். மேட்டிலேயே உட்கார்ந்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதேன். கேண்டீனுக்கு ஓடிப் போய் எல்லோரிடமும் சொன்னேன். அக்கரைப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

பஸ் போகிற பாலமும் அன்று சாயங்காலமே தண்ணீரில் மூழ்கிப் போனது. தண்ணீர் வடியும்வரை அக்கரைப் பெண்களை மாடியில் தோல் சுருள்களுக்கு நடுவில் தங்க வைத்தோம். அமலாவைப் பற்றித்தான் பேச்சு. அவள் இந்நேரம் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஜாலியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள், நாம்தான் இங்கே பேஜாரில் மாட்டிக்கொண்டோம் என்று சிலருக்குப் பொறாமைகூட. நான் அவளுடைய மிஷினுக்கு இன்னொரு பாலிதீன் போட்டு மூடினேன்.

தண்ணீர் இறங்கி, பாலத்தில் கயிறு கட்டி ஆட்களை விட ஆரம்பித்த காலையில், கம்பெனி வாசலில் ஷமீம் அக்கா வந்து நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெனி. அன்று மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்கியதுமே, ஆறு வருவதற்குள் ஷமீம் அக்கா கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் மாடியில் ஏற்றிவிட்டிருந்தார். ஜெனியிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதில் மடித்து வைத்த புடவை ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளினேன்.

"இன்னா ஜெனி, அம்மா வர்லயா? லீவு போட்டுட்டாங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மிஷின்கள் இருந்த பக்கம் பார்த்தாள்.

"அம்மாக்கு மாத்துப் பொடவ எடுத்தாந்தேன்."

ஷமீம் அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜெனி பள்ளிவாசல் மாடியிலிருந்து ஆற்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அம்மா நுரைக்குள் வந்ததைப் பார்த்தாளாம். சத்தம் கேட்டதும் அம்மா திரும்பி, கம்பெனி இருந்த கரைக்கே ஓடி ஏறிவிட்டதைப் பார்த்தாளாம். நீலப் புடவை நன்றாகத் தெரிந்ததாம். கம்பெனியில் டீயும் பன்னும் கொடுத்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று அவர்களும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

இப்போது அங்கே உயரமாகப் பாலம் கட்டிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவே போகிறது. பள்ளத்து வீடுகள் இல்லை, வேறு இடத்தில் பட்டா கொடுத்துவிட்டார்கள். ஒற்றையடிப் பாதை அந்த வெள்ளத்தோடு போனது, திரும்ப விழவே இல்லை. ஆறு மறுபடியும் மணலாகக் கிடக்கிறது, அதில் தேடாத இடம் இல்லை. ஒரு செருப்பு, அந்த டிபன் பை, எதுவும் அகப்படவில்லை. ஜெனி வேலூரில் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். எதை எதையோ பேசுவோம். அந்த நீலப் புடவையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. அவள் பார்த்ததும் பொய் இல்லை, நான் பார்த்ததும் பொய் இல்லை.

ஆற்றில் தண்ணீர் ஓடிய அந்த நாட்களில் அமலா இரண்டு கரையிலும் உயிரோடு இருந்தாள். தண்ணீர் வடிந்தது, எந்தக் கரையிலும் இல்லாமல் போனாள்.