டேப் ஒட்டிய மெத்தை

ஈர மெத்தைக்கு டேப் ஒட்டிய வீடு ஆம்பூரிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஏரிக் கால்வாய் பொங்கி, முழங்கால் அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் இரண்டு நாள் நின்றது. வடிந்ததும் அம்மா கதவு ஜன்னல்களை விரியத் திறந்தாள். பீரோவைக் காலி செய்து துணியெல்லாம் கொடியில் போட்டாள், மெத்தையை வாசல் சுவரில் சாய்த்தாள். என் உள்பாவாடை தெருவே பார்க்கத் தொங்கியதில் எனக்கு மானமே போயிற்று.

அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. ஏசி அறை, வெள்ளைக் கையுறை. ஈரத்தை உறிஞ்சும் ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுப் பெட்டியை மூடினால், கப்பலில் எத்தனை நாள் போனாலும் ஷூவில் பூஞ்சை பிடிக்காதாம். டிபன் பை நிறைய அந்தப் பொட்டலங்களை அள்ளி வந்தார். ஜன்னல்களை அடைத்தார். அரைகுறையாகக் காய்ந்த மெத்தையைப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளி, பொட்டலங்களைப் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினார். டேப்பை இழுத்துப் பிடித்தது நான்தான். பெருமை வேறு.

"கம்பெனியில காஞ்ச ஷூவைத்தானங்க மூடுறீங்க? இது சொதசொதன்னு கீதே" என்றாள் அம்மா.

"ஜெர்மனிக்குப் போற சரக்கையே மூடுறவன் நான். உனுக்கு இன்னா தெரியும்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கா தெரியாது? கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் தோல் பதனிடும் ஷாப்பில், ஈரத் தோலை விரித்துக் காற்றில் காயப்போட்டவள். அது நாற்றம் பிடித்த வேலை என்பதால் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

அப்பா ஷிப்டுக்குப் போனதும் அம்மா டேப்பைப் பிரித்து மெத்தையை வெயிலில் போடுவாள். அவர் வருவதற்குள் பழையபடி ஒட்டிவிடுவாள். மூன்றாம் நாள் நான் போட்டுக்கொடுத்தேன். அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு பாய் எட்டிப் பார்த்தார். அதன்பிறகு அம்மா அதைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்து அப்பா உறையைப் பிரித்து, மேலே புது விரிப்புப் போட்டு மூன்று வயதுத் தம்பியைப் படுக்க வைத்தார். வாடை அடித்தது. போய்விடும் என்றார். நான்காம் நாள் தம்பிக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க இழுக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தம்பி பிழைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "டாக்டர் சொல்ட்டார். மெத்தையத் தூக்கிப் போட்டுட்டு ஜன்னலைத் தொறந்து வெக்கணுமாம்" என்று அம்மாவுக்கே அறிவித்தார். எப்படி இருக்கும் அவளுக்கு? இவள் முதல் நாளே சொன்னது காதில் ஏறவில்லை, டாக்டர் சொன்னதும் வேதவாக்கு!

அம்மா மெத்தையைப் புரட்டினாள். அடிப்பக்கம் முழுக்கக் கருப்பாகப் பூத்திருந்தது. தூக்க ஒரு முனையை நான் பிடிக்கப் போனேன். என்னைத் தடுத்து, காய்ந்த துண்டு ஒன்றை என் மூக்கையும் வாயையும் மூடி இறுக்கிக் கட்டினாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை.

"இறுக்குதும்மா!" என்று கத்தினேன். அவள் முடிச்சை இன்னும் ஒருமுறை இழுத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். டேப் ஒட்டியது அப்பா, தண்டனை எனக்கா என்று.