டயருக்கும் வேர்க்கும்

பதினொரு மணிக்கு மேனேஜர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து, பன்னிரண்டாம் நம்பர் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சட்டையின் இஸ்திரி கலைந்துவிடும் என்று நாற்காலியில்கூடப் பாதிதான் உட்காருகிற ஆள். டயரின் பக்கவாட்டை விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எழுந்து, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே, "இந்த வண்டி டிரைவர் எங்கே?" என்றார்.

பக்கத்துக் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஷேவிங் அக்கா குழாயோடு நிமிர்ந்தாள். பன்னிரண்டாம் நம்பர் காரின் டிரைவர் அவளுடைய தம்பி.

நாலு நாள் வெளியூர் ஓட்டம் முடித்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். பாதி டீயோடு ஓடி வந்தான்.

"இந்த நாலு டயரும் எப்ப மாட்டினது?"

"மூணு வாரம் ஆச்சு சார். நீங்கதானே கடைக்கு அனுப்பி வச்சீங்க."

"நான் அனுப்பினது புது டயர் மாட்ட. இது என்ன?"

"அதே டயர்தான் சார்."

"மூணு வாரத்துல புது டயர் செம்மண்ணு பூசின மாதிரி ஆகுமா? சரி, நிறத்தை விடு. புது டயர்ல சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும்ல? ஒண்ணு காட்டு பாப்போம்."

தம்பி குனிந்து பார்த்தான். மொட்டைத் தலை போலிருந்தது.

"அது எங்க அக்கா சிரைச்சிருப்பாங்க சார். புது டயர் எது வந்தாலும் பிளேடு வச்சு முடியை எடுத்துடுவாங்க. அதனாலதானே அவங்களுக்கு ஷேவிங் அக்கான்னு பேரு."

"வேலிக்கு ஓணான் சாட்சி, தம்பிக்கு அக்கா சாட்சி. நல்லா இருக்குய்யா." மேனேஜர் கையை நீட்டினார். "சாவியைக் குடு. புதுசை எவன்கிட்டயோ தள்ளிட்டு, எந்தக் கடை வாசல்லயோ வெயில்ல காஞ்சு கிடந்த பழைய சரக்கை மாட்டிட்டு வந்திருக்கே. பல்லு தேயாம இருந்தா நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சியா? ஒரு மணிக்கு முதலாளியம்மா வராங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னா போலீஸுக்குப் போன் போடுவேன். அதுவரைக்கும் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காதே."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். தண்ணீர் அவள் காலிலேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது.

ஏழு வருஷமாக அந்த யார்டில் இருபத்திரண்டு வாடகைக் கார்களும் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். புது டயரின் முடி துடைக்கிற துணியைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறது என்று ஒரு நாள் அவளாகவே பிளேடை எடுத்தாள். வழவழப்பான டயரில் பாலிஷ் ஒரே சீராகப் பரவியது. பழைய மேனேஜர் சபாஷ் என்றார். டிரைவர்கள், "அக்கா, அப்படியே எங்க தாடியையும் கொஞ்சம் கவனிங்க" என்று முகத்தை நீட்டினார்கள். பேர் நிலைத்துவிட்டது. இந்த மேனேஜர் வந்து இரண்டே மாதம். கூப்பிடும் பேருக்குப் பின்னால் ஒரு பிளேடு இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தம்பி அவளுக்குப் பதினோரு வயசு இளையவன். அம்மா வேலைக்குப் போன வருஷங்களில் அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்தான். லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் சும்மா சுற்றியவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, "என்னை நம்பிச் சேத்துக்குங்கம்மா" என்று முதலாளியம்மாவிடம் கேட்டவளும் அவள்தான்.

முடிக்கு அவன் பதில் சொல்லிவிட்டான். அந்தப் பழுப்புக்குப் பதில் சொல்ல அவனால் முடியாது. அவளால் முடியும். மேனேஜரின் விரல் டயரில் பட்ட கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டயர் கடைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். "ரப்பர் வெடிக்காம இருக்க உள்ளேயே ஒரு மருந்து கலந்து வைக்கிறாங்கம்மா. அது மெல்ல மெல்ல மேலே கசியும். டயருக்கும் வேர்க்கும்னு வச்சுக்கோயேன். காத்துப் பட்டா அந்த வேர்வை பழுத்துடும். புது டயருக்கு வேர்வை அதிகம். சோப்பு போட்டு பிரஷ்ல தேச்சா போயிடும். தேய்க்காம மேல மேல எண்ணெய் பாலிஷ் அடிச்சியோ, அதுவே உள்ள இருக்கிறதையும் இழுத்துக்கிட்டு வந்துடும்."

அதைக் கேட்டு, வருஷக்கணக்காக ஒழுங்காகத்தான் செய்தாள். சோப்பு, பிரஷ், தண்ணீர், உலர்ந்த துணி. டயர் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் பாலிஷ், அதுவும் கை நனையாத அளவுக்கு. கூட வேலை செய்தவள் நாலு மாதத்துக்கு முன் நின்றுவிட்டாள். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. காலை ஏழு மணிக்குள் இருபத்திரண்டு கார், எண்பத்தெட்டு டயர். இரண்டு கைதானே இருக்கிறது? முதலில் பிரஷ் போனது. பிறகு, மினுக்கென்று இல்லாத தண்ணீர் பாலிஷும் போய், கண்ணாடி மாதிரி பளபளக்கும் எண்ணெய் பாலிஷ் வந்தது. ஸ்பாஞ்சில் ஊற்றி ஒரே இழுப்பு. தினம் அடித்தால் தினம் கறுப்பு. தினசரி வேலைத் தாளில் 'டயர் பிரஷ்' என்ற கட்டத்தில் மட்டும் தவறாமல் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள். மற்ற கார்களும் உள்ளூரப் பழுத்துத்தான் இருந்தன. பழைய டயர் பழுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பன்னிரண்டாம் நம்பர்தான் நாலு நாள் அவள் கையில் சிக்காமல் வெயிலில் ஓடிவிட்டு வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் போன வாரம், வராத நேரத்துக்குக் கையெழுத்துப் போட்ட வாட்ச்மேனை மேனேஜர் அரை மணி நேரத்தில் வேலையை விட்டு அனுப்பினார். நாலு மாதப் பொய் டிக்குக்கு எத்தனை நிமிஷம் கொடுப்பார்?

டயரைக் கறுப்பாக்கிக் காட்டிவிட்டால் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது.

"சார், ஒரு டயரைக் கழுவிக் காட்டுறேன். அழுக்குதான் சார் அது."

"கழுவு, கழுவு. தண்ணிக்கு நானா காவல்? காக்காயைத் தேச்சா கொக்காகுமான்னு நானும் பாக்குறேன்."

அவள் முன்சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். சோப்பை ஊற்றி, மூலையில் கிடந்த பிரஷை எடுத்தாள். நாலு மாதமாகத் தொடாததில் அதன் நடுவில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. தேய்த்தாள். நுரை டீ நிறத்தில் வழிந்தது. கழுவி விட்டாள். ஈரத்தில் டயர் கன்னங்கரேலென்று இருந்தது. துணியால் துடைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஓரத்திலிருந்து காயக் காய, பழுப்பு மறுபடி எழுந்து வந்தது.

"என்னக்கா, உன் பிளேடுக்கு வேலையில்லாமப் போச்சு, பிரஷைத் தூக்கிட்டியே" என்றான் ஹார்ன். எதையும் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான் என்பதால் அந்த டிரைவருக்கு அந்தப் பேர். சிரிக்கத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி சரி, தண்ணி நான் பிடிக்கிறேன். நீ தேய்."

இரண்டாம் முறை. அவள் போட்ட பாலிஷ்தான், அடுக்கு அடுக்காக, தோல் மேல் தோலாக உரிந்தது. சோப்பு நீர் விரல் வெடிப்புகளில் ஏறி எரிந்தது. அவள் திரும்பவில்லை. பெஞ்சில் இருந்த தம்பியின் செருப்பு மட்டும் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. அது தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா" என்றான் அவன், மெதுவாக. "நான் எதுவும் பண்ணலக்கா."

"தெரியும்டா."

"நீயாவது நம்புறியே."

பிரஷ் ஒரு சுற்றுச் சுற்றியது. சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பன்னிரண்டரை ஆகியிருந்தது.

மூன்றாம் முறை நுரை வெள்ளையாகவே வந்தது. துடைத்தாள். காய்ந்தது. கறுப்பு, பளபளப்பில்லாத சுத்தமான கறுப்பு. ஹார்ன் கை தட்டினான்.

மேனேஜர் வந்து பார்த்தார். "என் பழைய செருப்பையும் இப்படி ரெண்டு மணி நேரம் தேச்சா கறுப்பாத்தான் ஆகும். அதுக்காக அது புதுச் செருப்பாயிடுமா?"

கேட் திறந்தது. முதலாளியம்மாவின் கார் உள்ளே வந்தது.

முதலாளியம்மா அதிகம் பேசமாட்டார். கணவர் விட்டுப்போன மூன்று கார்களை இருபத்திரண்டாக்கியவர். மேனேஜர் சொன்னதை முழுதும் கேட்டார். கறுப்பான ஒரு டயரையும் பழுப்பான மூன்றையும் சுற்றி வந்து பார்த்தார். தம்பி எழுந்து நின்றான்.

"நீ என்னப்பா சொல்றே?"

"அதே டயர்தாம்மா. கடையில கேட்டுப் பாருங்க."

"கடையில மாட்டினது புதுசுதான்னு அவன் சொல்லுவான். அதுக்கப்புறம் நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?" ஷேவிங் அக்காவின் பக்கம் திரும்பினார். "கறுப்பா இருக்குங்கறது புதுசுக்கு அத்தாட்சி ஆகுமா?"

"ஆகாதும்மா."

மேனேஜர் போனை எடுத்தார். "ஸ்டேஷனுக்கு அடிக்கட்டுமாம்மா?"

முதலாளியம்மா பழுப்பு டயர்களை இன்னொரு தடவை பார்த்தார். தம்பியின் கை பெஞ்சின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. முதல் தடவை நடக்கப் பழகும்போது அவன் அவள் பாவாடையைப் பிடித்த பிடி அவளுக்குத் தெரியும், அதே பிடி.

தன் பிளேடும் ஸ்பாஞ்சும் ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடப் போகாத இடம் ஒன்று எல்லா டயரிலும் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே போனால் என்ன தெரியும் என்பதும் கூடவே உறைத்தது. முதலாளியம்மா முட்டாள் இல்லை.

"அம்மா, சக்கரத்தைக் கழட்டச் சொல்லுங்க. உள்பக்கத்தைப் பாருங்க."

"உள்பக்கத்துல என்ன இருக்கு?"

"என் கை படாதது."

ஹார்ன் ஜாக்கி கொண்டுவந்தான். கழுவாத பின்சக்கரம் ஒன்றின் நட்டுகளைத் தளர்த்தினான். கடைசி நட்டு முரண்டு பிடித்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தான். சக்கரம் கழன்றது. உருட்டி, உள்பக்கம் மேலே இருக்கும்படி தரையில் கிடத்தினான். காய்ந்த சேறு. அவள் சோப்பைத் தொடவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றினாள்.

சேறு கரைந்து ஓடியது. அடியில் கறுப்பு. அந்தக் கறுப்பில், பூனைக்குட்டியின் மீசை மாதிரி, வட்டமாக வரிசை கட்டி நின்றன முடிகள்.

ஹார்ன் மண்டியிட்டு ஓரத்தில் விரலை ஓட்டினான். "நம்பர் இங்கதாம்மா அடிச்சிருக்கான். நாலு எண்ணு. முன்ன ரெண்டு வாரம், பின்ன ரெண்டு வருஷம்." யார்டு முழுவதும் எதிரொலிக்கிற மாதிரி படித்தான். "ஒன்பதாவது வாரம். இந்த வருஷம்!"

பெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. மேனேஜர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முதல் தடவை சரியாக உள்ளே போகவில்லை.

முதலாளியம்மா நகரவில்லை. காலால் டயரைத் தட்டி, "திருப்பு" என்றார். ஹார்ன் திருப்பினான். வெளிப்பக்கம் பழுப்பு. "மறுபடி திருப்பு." கறுப்பு.

"ஒரே டயர். ஒரே வெயில். உள்ளே ஒரு மூஞ்சி, வெளியே ஒரு மூஞ்சி. ஏன்?"

யாரைக் கேட்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை.

"குளிப்பாட்டாம பவுடர் அப்பிட்டேம்மா" என்றாள் ஷேவிங் அக்கா. "நாலு மாசமா பிரஷ் போடல. எண்ணெய் பாலிஷை மட்டும் மேல மேல அடிச்சேன். எல்லா வண்டிக்கும்தான். புது டயருங்கறதால இதுல சீக்கிரமாத் தெரிஞ்சிடுச்சு."

"தாள்ல டிக் இருக்கே."

"நான்தாம்மா போட்டேன்."

"தனி ஆளா முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்மா."

முதலாளியம்மா அவள் கையைப் பார்த்தார். வெடிப்புகளில் பழுப்பு ஏறியிருந்தது. "டயர் பழுத்தது இதனாலதான்னு உனக்கு எப்ப தெரியும்?"

மூன்றாவது நுரை வெள்ளையாக வந்தபோது என்று சொல்லலாம். சக்கரம் கழன்றபோது என்று சொன்னாலும் யாரும் மறுத்திருக்க முடியாது. தம்பி பெஞ்சிலிருந்து இரண்டடி முன்னால் வந்திருந்தான். அவள் பக்கம் நிற்பதற்காகத்தான் வந்தான்.

"சார் விரல் வச்சுத் தடவினப்பவே" என்றாள். "பதினோரு மணிக்கு."

தம்பி அங்கேயே நின்றுவிட்டான்.

மேனேஜர் சாவியை நீட்டினார். மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தார். அது யார் காதிலும் விழவில்லை. முதலாளியம்மா, "இருபத்திரண்டு வண்டியையும் ஒழுங்காக் கழுவி முடி. கூட ஒரு ஆள் வரச் சொல்றேன். முடிச்சிட்டு என்னை வந்து பாரு. அப்ப பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் படியேறினார். அது போ என்பதா, இரு என்பதா என்று அந்தக் குரலிலிருந்து எடுக்க முடியவில்லை.

ஹார்ன் சக்கரத்தைத் திரும்ப மாட்டினான். தம்பி டிரைவர் சீட்டில் ஏறினான்.

"மீதி மூணையும் தேச்சுத் தந்துடறேன்டா" என்றாள் அவள், கண்ணாடிக்குப் பக்கத்தில் போய். "இப்ப பக்குவம் தெரிஞ்சுடுச்சு, அவ்ளோ நேரம் ஆகாது. ஹார்னும் இருக்கான். அரை மணி நேரம் இரு."

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு மணி நேரம் இருந்தேனேக்கா."

கார் பின்வாங்கித் திரும்பி, ஒரு கறுப்பு டயரும் மூன்று பழுப்பு டயருமாக கேட்டைத் தாண்டிப் போயிற்று. ஹார்ன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்தான். ஒன்றாம் நம்பர் காரின் முன்சக்கரத்துக்கு எதிரே அவள் உட்கார்ந்து, பிரஷில் சோப்பை ஊற்றினாள்.