இரண்டாவது பெருக்கல் குறி

ஹேதர்ஸ்லியில் இருபது வருடமாகக் கட்சி நோட்டீஸ் போடுகிறவள் க்ளெனிஸ் ஆர்மரோட். மழையில் ஊறி, கதவில் தபால் போடும் துவாரத்தில் விரலை விட்டு நாய்களிடம் கடிபட்டு, கடைசியில் சமையலறை மரக்கரண்டியால் நோட்டீஸை உள்ளே தள்ளும் வித்தையைத் தானே கண்டுபிடித்தவள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறி ஓய்வு பெற்றபின் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: கவுன்சிலராக வேண்டும். அது ஒன்றும் ராஜபதவி இல்லை. குப்பைத்தொட்டிக்கும் சாலைப் பள்ளத்துக்கும் ஊராரிடம் திட்டு வாங்குகிற வேலை. அந்தத் திட்டுக்குத்தான் அவள் ஏங்கினாள்.

இந்த முறை கட்சி அவளுக்கு இடம் கொடுத்தது. வார்டுக்கு இரண்டு கவுன்சிலர், அதனால் கட்சிக்கு இரண்டு வேட்பாளர். இன்னொருத்தி இமோஜென் டாஸ்கர். ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகவில்லை, அதற்குள் எல்லார் வீட்டு நாயின் பெயரும் அவளுக்குத் தெரியும். க்ளெனிஸுக்கு வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான்.

ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஒரு கிழவி கதவைத் திறந்தாள்.

"எலுமிச்சை கேக் கொண்டாந்து குடுக்குமே, அந்தப் பொண்ணு கட்சியா? அதுக்குத்தான் கண்ணு என் ஓட்டு. ஆமா, நீ யாரு, அவங்கம்மாவா?"

க்ளெனிஸ் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து கெட்டிலை அடுப்பில் வைத்த சத்தத்தில் புருஷன் கீத் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

மறுநாள் இமோஜென் விரலில் கட்டோடு வந்தாள். "உங்கள மட்டும் நாய் கடிக்கவே மாட்டேங்குதே க்ளெனிஸ், எப்படிங்க?"

"என்னைப் பாத்தா அதுங்களுக்குப் பயம்," என்றாள் க்ளெனிஸ். மரக்கரண்டி கோட்டுப் பைக்குள் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தேர்தலன்று தேவாலயக் கூடத்தில், கயிற்றில் கட்டிய பென்சிலை எடுத்தாள். ஓட்டுச்சீட்டில் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குப் பெருக்கல் குறி போடலாம். தன் பெயருக்கு அழுத்திப் போட்டாள். டாஸ்கர் என்ற பெயருக்கு நேரே பென்சில் நின்றது. அவங்கம்மாவா, அவங்கம்மாவா என்று காதில் கேட்டது. ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடும்? சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

வாசலில் இமோஜென் கட்சி ரிப்பனோடு நின்றாள். "உங்க பேருக்குத்தான் முதல்ல போட்டேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் போட்டியா?" என்று வீட்டில் க்ளெனிஸைக் கேட்டான் கீத்.

"பின்னே?"

மறுநாள் காலை விளையாட்டரங்கில் எண்ணினார்கள். க்ளெனிஸ் முதலிடம்! அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஆனால் யாரும் கைதட்டவில்லை, எல்லார் கண்ணும் இரண்டாவது இடத்தின்மேல் இருந்தது. இமோஜெனும் எதிர்க்கட்சிக் கறிக்கடைக்காரர் சக்டனும் சரிசமம். மறுபடி எண்ணினார்கள். அப்போதும் சரிசமம். சட்டப்படி சீட்டுக் குலுக்கல்தான். தேர்தல் அதிகாரி பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். சக்டன்.

க்ளெனிஸ் போடாமல் விட்டது ஒரே ஒரு பெருக்கல் குறி.

இமோஜென் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என் தப்புதாங்க. எங்கம்மா இடுப்பொடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காங்க. வேற ஆள விட்டாவது அவங்க ஓட்டப் போட வச்சிருக்கலாம். மறந்தே போச்சு. அந்த ஒரு ஓட்டு இருந்திருந்தா... அம்மா கிட்ட எப்படிச் சொல்வேன்? காலம்பூரா தன்னாலதான்னு நினைச்சுக்குவாங்களே."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாயும் மகளும் நிம்மதியாகத் தூங்குவார்கள். க்ளெனிஸ் வாயைத் திறந்தாள்.

"ஆமா," என்றாள். "ஏற்பாடு பண்ணியிருக்கணும்தான்."

கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்து இமோஜெனை அழைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் தேநீர் கொண்டுவந்தார், ஒருவர் கைக்குட்டை நீட்டினார். க்ளெனிஸுக்கென்று வாங்கிவைத்த பூங்கொத்தும் அந்தக் கூட்டத்தோடு போனது.

கீத் பக்கத்தில் வந்தான். "ஜெயிச்சவ மூஞ்சியா இது? என்ன ஆச்சு உனக்கு?"

புதுக் கவுன்சிலர் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரேன் கீத்," என்றாள். "தோத்தும் அவகிட்டதான் போறாங்க."