வெற்றிலை வாங்கிய கை

என் கடையில் வெற்றிலை பாக்கு வாங்குவதில்லை. கல்யாணப் பலகாரம் வேண்டுமென்று தாம்பாளத்தோடு வருகிறவர்களிடம், "அதெல்லாம் வேணாம். என்ன வேணும்னு சொல்லுங்க, கட்டித் தாரேன்" என்று சொல்லிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று காரைக்குடிச் சந்தையில் எனக்குப் பெயர். இருக்கட்டும்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பலகாரம் சொல்வதென்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள். அதை யார் கை வாங்குகிறதோ, வேலை அவர்களுடையது. எழுத்து, சாட்சி ஒன்றும் கிடையாது. வாங்கினால் வாங்கியதுதான்.

நான் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கல்யாண வெற்றிலையை என் கையில் யார் கொடுப்பார்கள்? அடுப்படியில் இடுப்பொடிய மாவு பிசையலாம், பாகு காய்ச்சலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. தாம்பாளத்தை மட்டும் தொடக்கூடாது. சாமி கண்ணுக்கு அடுப்படி தெரியாது போலிருக்கிறது. அதனால் ஆள் வரும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அண்ணன் மனைவி, என் மதினி, முன்னால் போய்த் தட்டை வாங்குவாள். இந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

தொழில் முழுக்க என்னுடையது. கழுத்தில் மிஞ்சியிருந்த சங்கிலியை விற்று உருளியும் இருப்புச் சட்டியும் அச்சும் வாங்கினேன். மானகிரி போகிற பாதையில் ஒரு கொட்டகை பிடித்தேன். தேன்குழல் எண்ணெயில் விழுந்து பொரிகிற சத்தம் கேட்டால் எனக்குப் பசி மறந்துவிடும். பொரித்து ஒடித்த மணகோலத்தில் வெல்லப்பாகை ஊற்றிக் கிளறுகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. புருஷன் வீட்டிலும் சரி, பிறந்த வீட்டிலும் சரி, ஒரு மூலையில் வேண்டாத ஆளாக இருந்தவள் நான். கொட்டகைக்குள் என்னைக் கேட்காமல் அடுப்புக்கூட எரியாது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? விடிவதற்கு முன்னாலேயே விழிப்பு வந்து, எப்போதடா போவோம் என்றிருக்கும்.

மதினிக்கு ஆரம்பத்தில் மாவு சலிக்கக்கூடத் தெரியாது. பக்கத்தில் உட்கார வைத்துப் பதம் சொல்லிக் கொடுத்தேன். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கச் சொல்லி, அவள் விரலைப் பிடித்து உருட்டியவளும் நான்தான்.

ஒரு பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போனேன். தொழில் நன்றாக நடக்கிறதே, முருகனுக்கு ஒரு பால்குடம் எடுத்துவிட்டு வரலாம் என்று ஆசை. திரும்பி வந்து பார்த்தால் கொட்டகை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. சட்டி இல்லை, உருளி இல்லை, அச்சுகூட இல்லை. ரங்கூனில் கடை வைத்திருக்கிற ஒரு பெரிய செட்டியார் வீட்டிலிருந்து கல்யாண வெற்றிலை வந்திருக்கிறது. மதினி வாங்கியிருக்கிறாள். தன் அக்காள் தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, சாமான்களை வண்டியில் ஏற்றி அந்த வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள்.

ஓடினேன். அந்த வீட்டுக் கொல்லை வாசலில் அவளைப் பிடித்தேன்.

"என்ன மதினி, இப்பிடிப் பண்ணிட்டீக?"

"என்னத்தைப் பண்ணிட்டேன்? என் கையில குடுத்தாக, வாங்குனேன். இத்தனை நாளும் யாரு கையில குடுத்தாக? ஒரு நாளாச்சும் நீ வாங்குனியா?"

சத்தம் கேட்டு அந்த வீட்டு ஆச்சி வந்தார். என் மணகோலத்தை டின்னில் அடைத்து ரங்கூன் வரைக்கும் அனுப்பியவர். அவருக்குமா தெரியாமல் போகும்? "ஆச்சி, இது என் தொழில். இம்புட்டு வருசமும் நாந்தான் செஞ்சு குடுத்தேன்" என்றேன்.

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெத்திலை வாங்குனவளத்தான் எங்களுக்குத் தெரியும். நீ கூடமாட ஒத்தாசைக்கு இருக்கவளுன்னுல்ல நெனச்சேன். சரி, வந்ததுதான் வந்துட்ட, அங்குட்டுப் போயி மாவைப் பிசை."

பிசையவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் முறையிட்டேன். "ஒரே குடும்பந்தான ஆத்தா, யாரு செஞ்சா என்ன?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். என் சங்கிலியைக் கொண்டுபோய் விற்றுத் தந்தவனே அவன்தான். மதினி வேறு வீட்டில் பிறந்தவள். இவன் என்னோடு பிறந்தவன். பாகு முறுகிப் போகட்டும், சீடை வெடிக்கட்டும் என்று வாய்விட்டே சாபம் கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கும் பலகாரம் வந்தது. ஒரு மணகோலத்தை எடுத்துக் கடித்தேன். பதம் தப்பவில்லை. என் பாகு, என் ஏலக்காய், என் பொரிப்பு. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு அண்ணன் வீட்டைவிட்டு வெளியேறி, ஒற்றைச் சட்டியோடு சந்தையில் கடை போட்டேன். எண்ணெய்ச் சத்தம் திரும்பக் கிடைத்தது. இப்போது எந்தக் கதவுக்குப் பின்னாலும் நிற்பதில்லை. வெள்ளைச் சேலையோடு முன்னால் உட்கார்ந்து நானே எடுத்துக் கொடுக்கிறேன், வாங்குகிற கைகளும் தயங்காமல் வாங்கிக்கொண்டுதான் போகின்றன.

போன சந்தையன்று காளையார்கோவிலிலிருந்து ஒரு அம்மாள் நான் இன்னார் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். மணகோலத்தில் ஒரு துண்டை வாயில் போட்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பலகாரம் செய்றாகளே, உங்க மதினி, அப்பிடியே அவுக கைப்பக்குவம்! அவுககிட்டயா கத்துக்கிட்டீக?"

பொட்டலத்தைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.